நிழலில் நீலம் தெரியாது: வடசென்னையில் நீல ஈப்பிடிப்பானைத் தேடுவோருக்கு

பெரம்பூரிலிருந்தோ கொளத்தூரிலிருந்தோ யாராவது "நீலக் குருவி ஒன்று வீட்டுக்குப் பின்னால் வந்திருக்கிறது" என்று சொன்னால், முதலில் தொண்டை என்ன நிறம் என்று கேளுங்கள். அடுத்து, ஆரஞ்சு எங்கே முடிகிறது என்று கேளுங்கள். நீலத்தைப் பற்றிக் கடைசியில் விசாரித்தால் போதும். டிக்கெல் நீல ஈப்பிடிப்பானை அடையாளம் காண்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை நீலத்தை நம்பியதால் வருபவை.

டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் சுமார் 14 செ.மீ. நீளம், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சிறியது. டிக்கெல் என்பவர் பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றிய ராணுவ அதிகாரி, பறவை ஆய்வாளர். 1843-இல் விலங்கியல் அறிஞர் எட்வர்ட் பிளைத் இந்தப் பறவையை அறிவியல் முறையில் விவரித்தபோது அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆணுக்கு முதுகு, இறக்கை, வால் எல்லாம் அடர்நீலம். நெற்றியும் தோள்பட்டையும் மட்டும் இன்னும் பளிச்சென்ற நீலம். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருமை. தொண்டையும் மார்பும் ஆரஞ்சு. வயிறு வெள்ளை. பெண்ணுக்கு இதே அமைப்புதான், எல்லாம் ஒரு படி வெளுத்திருக்கும்: சாம்பல் கலந்த நீலம், மங்கிய ஆரஞ்சு.

படத்தில் இது எளிது. மரத்தடியில்தான் சிக்கல். பறவையின் நீலம் சாயம் மாதிரி இறகில் ஊறிய நிறமில்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் கண்ணுக்குக் கிடைக்கும் நிறம் அது. வெளிச்சம் குறைந்தால் நீலமும் சுருங்கிவிடும். இந்தக் குருவியோ வெயிலுக்கு வராது. அடர்ந்த மாமரம், நாவல் மரம், புங்கன் நிழலிலேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே முதல் பார்வைக்கு அது சிலேட்டு நிறத்தில், ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். ஆரஞ்சு நிறமியால் வருவது என்பதால் நிழலிலும் நிற்கும். வடசென்னைத் தோட்டங்களில் "மார்பு மட்டும் செங்கல் நிறம், மற்றபடி கறுத்த குருவி" என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "பளபளவென்று நீலம், வெயிலில் மின்னியது" என்றால் அது பெரும்பாலும் தேன்சிட்டு.

ஆரஞ்சு முடியும் இடத்தை நன்றாகப் பாருங்கள். டிக்கெல் நீல ஈப்பிடிப்பானில் அது மார்பின் கீழ்ப்பகுதியில் ஒரே கோடாக நிற்கும். பாதிச் சுவருக்குக் காவி அடித்துவிட்டு, கீழே சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். நடுவில் கலப்பு கிடையாது. குளிர்ந்த காலையில் உடலை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் வெள்ளை வயிறு பொம்மென்று முன்னால் தள்ளி, அந்தக் கோடு இன்னும் துல்லியமாகத் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தக் கோடு பொது என்பதால் முதலில் நம்ப வேண்டிய அடையாளம் இதுதான்.

இரண்டாவது அடையாளம் தொண்டை. நீலத்தொண்டை ஈப்பிடிப்பான் என்று இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. வலசையின்போது கிழக்குக் கரை வழியாகவும் போகும். அதன் ஆணுக்கு முகவாயும் தொண்டையும் நீலம்; மார்பின் ஆரஞ்சு குறுகிய முக்கோணமாக மேலே ஏறித் தொண்டைக்குள் நுழையும். பறவை தலையைக் குனிந்திருந்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அலகின் நிழல் தொண்டையில் விழுந்து எல்லா ஈப்பிடிப்பானையும் நீலத்தொண்டையாகக் காட்டிவிடும். அது அண்ணாந்து பார்க்கும்வரை காத்திருங்கள். பூச்சியை மேலே தேடுவதால் அடிக்கடி அண்ணாந்து பார்ப்பது இதன் வழக்கம். அந்த ஒரு நொடி போதும். அலகின் அடியிலிருந்தே ஆரஞ்சு தொடங்கினால் டிக்கெல்.

பெண் பறவைகளில் வாலைப் பாருங்கள். நீலத்தொண்டையின் பெண்ணுக்கு மேல்பாகம் பழுப்பு, வால்கூடச் செம்பழுப்பு. நீலம் ஒரு துளியும் இருக்காது. டிக்கெல் பெண் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் வாலிலும் இறக்கை ஓரத்திலும் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மற்ற குழப்பங்கள் அவ்வளவு கடினமில்லை. வெள்ளைப் புருவம் இருந்து, நீண்ட கால்களோடு தரையிலேயே தத்திக்கொண்டு, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டினால் அது இந்தியன் புளூ ராபின். மேலே நீலம், கீழே ஆரஞ்சு என்பதால் அக்டோபரில் பலரை ஏமாற்றுவது இது. கால்வாய் ஓரமாகவோ குட்டை மேலோ நீலமும் ஆரஞ்சுமாகப் பாய்ந்தால் சிறுமீன்கொத்தி. அலகின் நீளமே சொல்லிவிடும். உடல் முழுக்க மயில்துத்தத்தின் நிறத்தில், உச்சிக் கிளையில் வெளிப்படையாக உட்கார்ந்திருந்தால் வெர்டிட்டர் ஈப்பிடிப்பான். தலையும் மார்பும் வான்நீலம், பிடரியில் சின்னதாக ஒரு கருந்திட்டு, ஆரஞ்சே இல்லை என்றால் கரும்பிடரி ஈப்பிடிப்பான். இது ஓயாமல் அலைந்துகொண்டே இருக்கும். அரசவால் ஈப்பிடிப்பானைச் சொல்லவே வேண்டாம், கருங்கொண்டை போதும். ஆனால் அதன் பெண்ணுக்கும் இளசுகளுக்கும் நீண்ட வால் இருக்காது, உடல் செம்பழுப்பு. "வால் நீளமில்லையே" என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் பனிக்காலத்தில் அதிகம் கண்ணில் படுவது பழுப்பு ஈப்பிடிப்பான். நிறம் ஒன்றும் இல்லை. பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம், அவ்வளவுதான். இதை முதலில் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். நடத்தையில் வேறுபாடு எப்படி இருக்கும் என்பதை இதை வைத்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். பழுப்பு ஈப்பிடிப்பான் ஒரு காய்ந்த குச்சியில் உட்கார்ந்து, பாய்ந்து, பூச்சியைப் பிடித்து, பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். நீல ஈப்பிடிப்பான் குட்டையாகப் பாய்ந்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு தாழ்ந்த கிளைக்கு நகரும். தரையில் ஊரும் பூச்சியைக் கண்டால் சருகின்மேல் இறங்கி எடுத்துக்கொண்டு மேலேறும். பழுப்பு குருவி பத்தடி, பதினைந்தடி உயரத்தில் திறந்த இடத்தில் தெரியும். நீலம் தரையிலிருந்து மூன்றடி முதல் பத்தடிக்குள், இலைக்கு உள்ளே. இரண்டும் நிமிர்ந்துதான் உட்காரும். வாலைச் சட்டென்று மேலே தூக்கித் தூக்கிக் காட்டி, வாலின் அடியில் இருபக்கமும் வெள்ளை தெரிந்தால் அது செம்மார்பு ஈப்பிடிப்பான் வகை, கணக்கு வேறு.

கிட்டத்தில் கிடைத்தால் அலகைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கையில் அடி அகன்று தட்டையாக இருக்கும். வாயோரத்தில் மீசைபோல் விறைத்த மயிர்கள். பறக்கும் பூச்சியை வாயால் கவ்வுகிற பறவைகளுக்கான அமைப்பு இது. தையல்சிட்டுக்கும் கதிர்க்குருவிக்கும் அலகு ஊசி மாதிரி இருக்கும். நிறம் ஒன்றும் தெரியாத அந்தி வேளையில்கூட, பக்கவாட்டு உருவத்தை வைத்தே ஈப்பிடிப்பான் என்று சொல்லிவிடலாம்.

சத்தம் கேட்கப் பழகியவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. நீல ஈப்பிடிப்பானுக்குச் சந்தேகம் வந்தால் "டிக்… டிக்" என்று, இரண்டு கூழாங்கல்லை லேசாகத் தட்டியதுபோல் ஒலி கொடுக்கும். பாட்டு மெல்லியது, உலோகம் கலந்தது, சில சுரங்கள் ஏறி, இறங்கி, சட்டென்று நிற்கும். எண்ணூர் நெடுஞ்சாலை லாரிச் சத்தத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடிப்பது கஷ்டம். ஞாயிறு அதிகாலை, பொங்கல் விடுமுறை நாட்கள் போன்ற அமைதியான நேரங்களே இதற்கு வாய்ப்பு. போகி அன்று காலை மட்டும் வேண்டாம். புகைமூட்டத்தில் எந்த நிறமும் தேறாது.

இது காட்டுப் பறவை. வடசென்னையில் காடு எங்கே என்று கேட்பார்கள். வடக்கே ஆந்திர எல்லை தாண்டினால் தடா, நாகலாபுரம் மலைகளின் ஓடைக்கரைகள் இதற்குச் சொந்த வீடு. மண்மேட்டுப் பொந்து, மரப்பொந்து, பாறையிடுக்கு இவற்றில் மெல்லிய புல் வைத்துக் கூடு கட்டி 3 முதல் 5 முட்டை இடும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கக் காலம். அங்கே போகிறவர்கள் வனத்துறை அனுமதி நிலவரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டுக்குப் பக்கம் கிளையை ஒடிக்கவோ நகர்த்தவோ கூடாது. மறைப்பு போனால் காக்கைக்கும் வால்காக்கைக்கும் வழி காட்டியதாகிவிடும். புள்ளிபோட்ட பழுப்பு உடலும் நீல வாலுமாக ஒரு குருவி தென்பட்டால் அது இந்த வருடத்துக் குஞ்சு.

நகருக்குள் இது எப்போதாவது வரும் விருந்தாளி. தெற்கே கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதி, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் போன்ற பழைய தோப்புகளில் ஈப்பிடிப்பான்களைப் பார்த்துக் கண் பழக்கிக்கொண்டு, பிறகு நம் பக்கம் தேடுவது நல்ல வழி. நம் பக்கம் என்றால் மூன்று விஷயம் ஒன்றாக இருக்கும் இடம்: நிழல், சருகு, ஈரம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேறு இடம் பாருங்கள். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் பழைய மரங்கள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம், மாதவரம் பால்பண்ணைப் பகுதியின் தோப்புகள், மாதவரம் தாவரவியல் பூங்கா, புழல் ஏரிக்கரையை ஒட்டிய மாந்தோப்புகள் எல்லாம் தேடிப்பார்க்கத் தகுந்தவை. மணலி சதுப்பிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் வேறு பறவைகள் ஆயிரம் உண்டு. இதற்காக அங்கே போக வேண்டாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னை இழந்த பெரிய மரங்களை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. அன்று மிஞ்சிய மரங்களின் அடியில்தான் இன்று இந்தக் குருவியைத் தேட வேண்டியிருக்கிறது.

குடியிருப்புக்குள் போனால் வாசலில் இருக்கும் காவலாளியிடம் முதலில் பேசிவிடுங்கள். "அண்ணா, குருவி பார்க்க வந்தோம், அந்த மாமரத்துப் பக்கம் அரை மணி நேரம் நிற்கலாமா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பைனாகுலரை எடுத்துக்கொண்டு சொல்லாமல் நின்றால் சன்னல் திறந்திருக்கும் வீட்டார் சங்கடப்படுவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கேட்டுப் பழகிய பிறகு, எந்த மரத்துக்கு எந்த நேரம் என்ன வருகிறது என்று அந்த அண்ணன்களே சொல்வார்கள்.

காலம் செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. அக்டோபரில் வலசைப் பறவைகள் இறங்கிக் கடந்து போகும். என்ன வரும் என்று சொல்ல முடியாத மாதம் அது. நவம்பர், டிசம்பர் மழை ஓய்ந்த இடைவெளி நாட்களில் பூச்சி பெருகும். குருவி சுறுசுறுப்பாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் தங்கிவிட்ட பறவை தினமும் ஏறக்குறைய அதே மூலையில் கிடைக்கும். காலை ஆறரை முதல் ஒன்பது வரை ஒரு வேளை, மாலை நாலரை முதல் இருட்டும்வரை இன்னொரு வேளை. மாலையைப் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்ற குருவிகள் அடைந்த பிறகும் இது இரை தேடிக்கொண்டிருக்கும். கடைசி இருபது நிமிடம் நின்று பாருங்கள்.

எப்படி நிற்பது என்பதில்தான் அனுபவமுள்ளவர்களும் தவறுகிறார்கள். "டிக்" கேட்டதும் அந்தத் திசையில் நடக்கிறார்கள். குருவி அடுத்த புதருக்கு நகரும், இவர்களும் நகர்வார்கள், மூன்றாவது முறை அது சுவர் தாண்டிப் போய்விடும். ஒலி கேட்ட இடத்திலேயே நின்றுவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் மரமோ சுவரோ இருக்கட்டும். நம் உருவம் வானத்துக்கு எதிராகத் தெரியக் கூடாது. சூரியன் நமக்குப் பின்னால் இருப்பது நல்லது. கண்ணை ஒரு கிளையில் ஊன்றாமல், மூன்றடி முதல் பத்தடி உயரம்வரை அகலமாகப் பார்த்துக்கொண்டிருங்கள். இது தனக்கென்று சில கிளைகளை வைத்துக்கொண்டு சுற்றிவரும். பத்து, இருபது நிமிடத்தில் மறுபடி வர வாய்ப்பு அதிகம். வெள்ளைச் சட்டை வேண்டாம். செருப்பு சருகில் சரசரக்காமல் இருக்க, நிற்கப்போகும் இடத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பைனாகுலர் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. விட்டம்) என்றால் 5.25 மி.மீ.; பையில் அடங்கும் 10×25 என்றால் 2.5 மி.மீ. வெயிலில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். மாமரத்தடியில் சிறியது இருண்டுவிடும், ஆரஞ்சு-வெள்ளைக் கோடுகூடத் தெரியாது. பத்து மடங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, கை நடுக்கமும் இருட்டுமாக அவதிப்படுகிறவர்கள் நிறைய. இந்தப் பறவைக்கு எட்டு மடங்கே சரி. இரண்டு, இரண்டரை மீட்டர் அருகில்வரை கூர்மையாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்; சில நேரம் அவ்வளவு பக்கத்தில் வந்து உட்காரும்.

கேமராவில் ஒளி உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 1600-3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் குருவிக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும்; பாய்கிற நேரத்துக்கு எவ்வளவு வைத்தாலும் போதாது. இலை நிழலில் எடுத்த படத்தில் வெள்ளை வயிறு பச்சையாகத் தெரியும். வெள்ளைச் சமநிலையைத் திருத்திவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள். நீலத்தைக் கூட்டிக்காட்டும் ஃபில்டர் எதையும் போட்டுவிட்டு அடையாளம் கேட்காதீர்கள்; மங்கிய பெண்ணை ஆணாக்கிவிடும். ஃபிளாஷ் வேண்டாம்.

செல்போனில் பாட்டைப் போட்டுக் குருவியை வரவழைக்கிற பழக்கம் பரவுகிறது. செய்யாதீர்கள். தன் இடத்தில் இன்னொன்று புகுந்துவிட்டதென்று அது இரையை விட்டுவிட்டுத் தேட ஆரம்பிக்கும். பூச்சி கிடைக்கிற பகல் நேரத்தை நாம் திருடுவது அது. பதிவு செய்யலாம், முப்பது நொடி ஒலி இருந்தால் பின்னால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். மெர்லின் போன்ற செயலி சொல்லும் பெயரைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலியைத் திறக்கும் முன்பே தொண்டை நிறம், ஆரஞ்சு முடியும் இடம், வாலின் நிறம், உட்கார்ந்த உயரம், வாலசைப்பு, ஒலி இந்த ஆறையும் குறித்துவிட வேண்டும். பெயரைப் பார்த்த பிறகு எழுதினால் பார்க்காததையும் பார்த்ததாக மனம் எழுதிவிடும். பொங்கலின்போது நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட குறிப்போடு கொடுக்கும் பதிவுக்கு மதிப்பு அதிகம். உறுதியில்லாவிட்டால் "ஈப்பிடிப்பான், இனம் தெரியவில்லை" என்று பதிவதே நேர்மை.

வீட்டுப் பின்புறத்தில் நாலு மரம் இருக்கிறவர்களுக்கு: தானியம் வைத்துப் பயனில்லை, இது தொடாது. மாமரத்தடிச் சருகைத் தினமும் கூட்டி எரிக்காமல் இரண்டு மூன்று அங்குலம் படியவிடுங்கள். பூச்சி அங்கேதான் இருக்கிறது. அகலமான மண் தட்டில் ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல் தண்ணீர். உள்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், கால் வழுக்கும். நிழலில் வையுங்கள். ஐந்தாறடி தள்ளிப் புதர் இருக்கட்டும். புதரை ஒட்டியே வைத்தால் பூனை பதுங்கும். தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசித்துளை போட்டுத் தட்டுக்கு மேல் கட்டித் தொங்கவிட்டால், சொட்டுச் சத்தத்துக்கே குருவிகள் வரும். மாலையில் இருட்டுவதற்குச் சற்றுமுன் குளிக்க வரும் நேரம் கவனியுங்கள். தினமும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். விட்டுவிட்டால் டெங்கு கொசு வளர்க்கிறோம் என்றாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படுவதும் சரியே.

அக்டோபர் காலைகளில் சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த குருவி கிடைக்கும். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழாயில் போய் அதிலேயே செத்துவிடும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் துளை போட்டு, பருத்தித் துணி விரித்து, மூடி, இருட்டும் அமைதியுமான இடத்தில் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள் படபடப்பு கேட்டால், பூனையில்லாத மரத்தடிக்கு எடுத்துப்போய்த் திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறையிடம் ஒப்படையுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. மோதிய கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பொட்டு வரிசை ஒட்டுங்கள். உள்பக்கம் ஒட்டினால் வானத்தின் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும்.